பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாட்களில்

கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று டிவியில் ஓடியதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் விளையாட்டு. லீவு நீண்டுகொண்டே போனால் கதை மாறும். பிள்ளை நடுச்சாமம் வரை விழித்திருந்து மத்தியானம் எழுகிறது. கூப்பிட்டால் எரிந்து விழுகிறது, இல்லாவிட்டால் பதிலே பேசுவதில்லை. "சும்மா இருந்து இருந்து திமிரு ஏறிப்போச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது திமிர் இல்லை.

நம் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படிப் பள்ளி நின்றுபோவது புதிதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரை படித்தவர்கள் திரும்ப வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1ஆம் தேதி திறந்தார்கள். அந்த நீண்ட அடைப்பைச் சின்ன வகுப்புகளில் கழித்தவர்கள்தான் இன்றைய பதின்ம வயதுப் பிள்ளைகள். பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் பக்கம் மானாவாரிப் புஞ்சைகளில் தண்ணீர் நின்று பயிர் அழுகியது. தூத்துக்குடி மாவட்டத்தில் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

பள்ளி நின்றால் "பாடம் போச்சே" என்பதுதான் நமக்கு முதல் கவலை. ஆனால் பள்ளிக்கூடம் பாடத்தோடு வேறு நான்கையும் பிள்ளைக்குத் தருகிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, பேசிச் சிரிக்கச் சேக்காளிகள், வீட்டுக்கு வெளியே நம்பத்தக்க ஒரு பெரியவர், வீட்டுச் சங்கடங்களிலிருந்து சில மணி நேர விலகல். விட்ட பாடத்தைப் பிறகு பிடித்துவிடலாம். இந்த நான்கும் ஒரே சமயத்தில் அற்றுப்போவதுதான் வளரும் பிள்ளையை உலுக்குகிறது. ஆகவே லீவு நாளில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் இவற்றைத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மழை வந்தால் கூலியும் நிற்கிறது

வேறு ஊர்களில் பள்ளிக்கு லீவு என்றால் பிள்ளை மட்டும்தான் வீட்டில் இருக்கும். நம் பக்கம் அப்படியில்லை. மழை பிடித்தால் குச்சி காயாது, பெட்டி காயாது. வெயிலை நம்பி ஓடும் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை குறைந்துவிடும். புஞ்சையில் ஈரம் ஏறிக் களையெடுப்பும் நிற்கும். பள்ளி நின்ற அதே வாரத்தில் கூலியும் நிற்கிறது, மகளிர் குழுத் தவணை மட்டும் நிற்பதில்லை. ஒற்றை அறை வீட்டில் பெரியவர்கள் குரலை உயர்த்திப் பேசுவது அத்தனையும் பிள்ளையின் காதில் விழுகிறது. வேறு நாட்களில் அதிலிருந்து தப்பிக்கப் பள்ளிக்கூடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பணக் கஷ்டத்தைப் பிள்ளையிடம் மறைப்பது பலன் தராது. பாதி கேட்ட பேச்சை வைத்து, நடப்பதைவிடப் பயங்கரமான ஒன்றை அது கற்பனை செய்துகொள்ளும். "இந்த வாரம் கூலி வரல. அடுத்த வாரம் ஆபீஸ் ஓடும். தவணைக்கு நாங்க ஏற்பாடு பண்ணிக்கிடுவோம், அது எங்க கவலை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உண்மை பாதி, தைரியம் பாதி. இரண்டும் வேண்டும்.

இரண்டு காரியங்களுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். தவணை கேட்டு வந்தவரிடம் "அப்பா வீட்டுல இல்ல" என்று பொய் சொல்ல நிறுத்தாதீர்கள். குடித்துக்கொண்டிருக்கும் தகப்பனாரைக் கூப்பிட்டு வரச் சொல்லி ஏவாதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்த அவமானத்தைச் சேக்காளிகளிடம்கூடச் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கும்.

மூன்று நேரங்களை மட்டும் மாற்றாதீர்கள்

காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவது மூன்று நாளைக்குத்தான் ஓடும். அதைவிட மூன்று நேரங்களை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: எழுந்திருக்கும் நேரம், எல்லாரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிடும் நேரம், சாயங்காலம் வீட்டை விட்டு வெளியே போகும் நேரம். நடுவில் உள்ளதைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும்.

எழும் நேரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? பதின்ம வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. முன்பு ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளைக்குப் பதினொன்றானாலும் தூக்கம் வராது. பள்ளி நாளில் பஸ் நேரம் அதை இழுத்துப் பிடித்திருந்தது. லீவில் கடிவாளம் கழன்றுவிடுகிறது. 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அது குறைந்தால் எரிச்சல், அழுகை, மறதி எல்லாம் வரும். "சீக்கிரம் படு" என்று கத்தித் தூங்கவைக்க முடியாது. எழும் நேரத்தைப் பிடித்து வைத்தால் படுக்கும் நேரம் தானாகச் சரியாகும். லீவில் பள்ளி நாளைவிட ஒரு மணி நேரம் பிந்தி எழலாம், அதற்கு மேல் வேண்டாம். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவாருங்கள்.

செல்போன் விஷயத்தில் பிடுங்கி ஒளித்துவைப்பதால் சண்டைதான் மிச்சம். ஒரே ஒரு விதி போதும்: இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போக வேண்டும், அப்பாவின் போன் உட்பட. பெரியவர்கள் மீறினால் விதி செத்துப்போகும். இன்னொன்று, சேக்காளிகளோடு பேசவும் அந்தப் போன்தான் வழி என்பதை மறக்க வேண்டாம். ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருப்பதும் நண்பனோடு அரை மணி நேரம் பேசுவதும் ஒன்றல்ல.

வேலை தரலாம், எது, எவ்வளவு?

லீவு என்றால் பிள்ளைக்கு ஏதாவது வேலை இருக்கும், நம் ஊரில் அது சகஜம். ஆடு பற்றிவிடுவது, தண்ணீர் பிடிப்பது, பருத்தி எடுக்கக் கூடப்போவது எல்லாம் பிள்ளைக்கு "நானும் இந்த வீட்டுக்கு உதவி" என்ற நிறைவைத் தரும். மனசுக்கு அது நல்லதுதான். ஆனால் எல்லை வேண்டும்.

முதல் எல்லை, சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது, 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களில் கூடாது. பள்ளி நேரம் போக, லீவில் குடும்ப வேலைக்குக் கைகொடுக்கலாம் என்ற விலக்கு உண்டு. அபாயகரமான வேலைக்கு அந்த விலக்கும் கிடையாது. தீப்பெட்டியும் பட்டாசும் அபாயகரமான பட்டியலில்தான் இருக்கின்றன. சிவகாசிப் பகுதியின் பிள்ளைத் தொழிலாளர்களுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அமர்த்திய முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நம் மண் போராடி மீட்ட பிள்ளைகளை "ரெண்டு வாரம்தானே" என்று திரும்ப அனுப்பாதீர்கள். ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு வாரத்தில்தான் தொடங்குகிறது. கையில் காசு பார்த்த பையனுக்குத் திரும்ப பெஞ்சில் உட்காருவது கஷ்டம்.

இரண்டாவது எல்லை, பெண் பிள்ளை. லீவு விட்டதும் பையன் கிரிக்கெட் மட்டையோடு வெளியே போகிறான். அவன் அக்கா பானை, துணி, தம்பி தங்கை என்று காலையிலிருந்து இரவு வரை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறாள். அவளுக்குப் பள்ளி லீவே தண்டனை. வீட்டு வேலையைப் பையனுக்கும் பங்கு போடுங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது அவள் தன் தோழிகளோடு இருக்கட்டும். நீண்ட அடைப்பில் கல்யாணப் பேச்சும் எழும். 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பதோடு, "என்னைப் படிக்க விடுவாங்களா" என்ற பயமே அந்தப் பிள்ளையின் தூக்கத்தைத் தின்னும் என்பதையும் நினைக்க வேண்டும். "நீ படிப்ப, அதுல மாத்தமில்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2024லிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது என்ற தகவலையும் சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

மைதானமும் பாட்டியும்

உடம்பு ஓடினால் மனசு இளகும். பதற்றத்துக்கும் சோர்வுக்கும் இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. செயற்கைப் புல் போட்ட ஹாக்கி மைதானம் இங்கே இருக்கிறது. இங்கிருந்து புறப்பட்ட மாரீஸ்வரன் சக்திவேல் 2022ல் இந்திய அணிச் சட்டையே போட்டார். எல்லாப் பிள்ளையும் இந்தியாவுக்கு ஆட வேண்டியதில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் வியர்வை வழிய ஓடி, தோற்று, திட்டு வாங்கி, சிரித்துத் திரும்பினால் போதும். கிராமத்தில் ஹாக்கி மட்டை இல்லையென்றால் கபடிக்கு ஒரு கோடும் வாலிபாலுக்கு ஒரு கயிறும் போதும். கோடையில் காலை ஒன்பதுக்குள், சாயங்காலம் நாலரைக்கு மேல். கிணறு, கண்மாய், கல் குவாரித் தண்ணீர் பக்கம் பெரியவர் கூட இல்லாமல் விடாதீர்கள். கோடை லீவில் நாம் பிள்ளைகளை இழப்பது அங்கேதான்.

ஓடப் பிடிக்காத பிள்ளையும் உண்டு. அதற்கு வேறு வழி. இடைசெவல் கி. ராஜநாராயணன் பெரிய பள்ளிப் படிப்பு இல்லாமலேயே கரிசல் மக்களின் சொற்களைச் சேர்த்து அகராதி போட்டார், நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். அவர் செய்ததை உங்கள் பிள்ளை சின்ன அளவில் செய்யலாம். பாட்டியிடமோ பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ தினம் ஒரு கதை, ஒரு விடுகதை, புஞ்சையில் வழங்கும் ஐந்து சொற்கள் கேட்டுப் போனில் பதிவு செய்து நோட்டில் எழுதட்டும். இதை நான் பொழுதுபோக்குக்காகச் சொல்லவில்லை. கிழவியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், கதைக்கு நடுவில் பிள்ளை தன் மனசில் கிடப்பதையும் சொல்லிவிடும். பெற்றோரிடம் சொல்லாததைப் பாட்டியிடம் சொல்லும் பிள்ளைகள் ஏராளம். வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் என்று மேலே சொன்னோமே, அந்த இடத்தைப் பாட்டி, தாய்மாமா, கிளை நூலக அண்ணாச்சி, தெருவில் கல்லூரி படிக்கும் அக்கா, யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்ததை நினைவில் வையுங்கள். அது எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. பெரிய பிள்ளைகளுக்காக உங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு மணி நேரம் அப்படிக் கூட்டத் தடை ஒன்றுமில்லை.

எது இயல்பு, எது எச்சரிக்கை?

வெள்ளத்தைப் பார்த்த பிள்ளை அதன் பின் மழைச் சத்தத்துக்கு மிரளலாம். தாயை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு டிசம்பரிலும் "ரெட் அலர்ட்" என்ற சொல் வந்ததும் வயிறு கலங்கலாம். பரீட்சை தள்ளிப்போனால் படித்ததெல்லாம் மறந்துவிடும் என்று பதறலாம். சில நாள், சில வாரம் இப்படி இருப்பது இயல்பு. "பயப்படாத, ஆம்பளப்புள்ள அழலாமா" என்று அடக்காமல் பக்கத்தில் இருந்தாலே அது தணியும்.

கீழே சொல்பவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இயல்பு என்று விடக் கூடாது: சாப்பாடும் தூக்கமும் தலைகீழாக மாறுவது, பிடித்த சேக்காளியையும் விளையாட்டையும் ஒதுக்குவது, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி திரும்பத் திரும்ப வருவது, காரணமில்லாத ஆத்திரம், புதிதாகக் குடி, புகையிலை. இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாதவையும் உண்டு: "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போன்ற பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பது, கையைக் கீறிக்கொள்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? நாலு பேர் முன்னால் வேண்டாம், முகத்துக்கு நேரே உட்காரவைத்து விசாரிக்கவும் வேண்டாம். வண்டியில் போகும்போது, காய் நறுக்கும்போது, பக்கவாட்டில் இருந்தபடி தொடங்குங்கள். "ஏய்யா, ரெண்டு மூணு நாளா சரியா சாப்பிடலியே, மனசுக்கு என்ன செய்யிது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகும். வந்ததும், "இதுக்கா இவ்வளவு" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை இழுக்காதீர்கள். "அப்படியா, கஷ்டமாத்தான் இருந்திருக்கும்" என்ற ஒரு வரி போதும். சந்தேகம் பலமாக இருந்தால், "செத்துப்போகலாம்னு தோணுதாய்யா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. சொல்ல முடியாமல் தவித்த பிள்ளைக்கு அது கதவு திறந்த மாதிரி ஆறுதல் தரும். ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

கரிசல் வீடுகளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் பூச்சி மருந்து பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ கிடக்கும். அதைப் பூட்டிவையுங்கள், சாவி பெரியவர் இடுப்பில் இருக்கட்டும். விபரீத எண்ணம் பல பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர அலையாக வந்து தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாத தூரத்தில் மருந்து இருந்தால் உயிர் தப்பும். பரீட்சை ரிசல்ட் வரும் மே மாதத்தில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். தோற்றாலும் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, வருஷம் வீணாகாது என்பதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள். வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

யாரைக் கூப்பிடுவது?

14416 என்பது டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை. இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் தமிழில், காசில்லாமல் பேசலாம். பிள்ளையே கூப்பிடலாம், பெற்றோரும் கூப்பிட்டு "எப்படி நடந்துக்கிடணும்" என்று கேட்கலாம். 104 மருத்துவ ஆலோசனைக்கு. 14417 படிப்பு, பரீட்சைச் சந்தேகங்களுக்கு. அடி, குழந்தைத் திருமணம், கட்டாய வேலை என்றால் 1098. நேரில் பார்க்க கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ போகலாம்.

"பைத்தியம்னு பேர் வந்துருமே" என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: மனநலக் கோளாறுகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள் தலைகாட்டுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்ன வயதில் கவனித்தால் பல பிள்ளைகளுக்குப் பேச்சு ஆலோசனையிலேயே சரியாகும். உயிரை மாய்க்க முயன்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், பராமரிக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

பள்ளி திறந்த முதல் வாரம்: ஆசிரியர்களுக்கு

கரிசலில் மழை விட்ட மறுநாளே யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். கால் புதையும், கலப்பையில் மண் அப்பும். பதம் வரும்வரை பொறுத்துத்தான் இறங்குவார்கள். பள்ளி திறந்த அன்றைக்கே டெஸ்ட் வைப்பதும் அப்படித்தான், பலன் தராது. முதல் இரண்டு நாள் முதல் பீரியடில் புத்தகத்தை மூடிவைத்து, லீவில் என்ன நடந்தது என்று பேசவிடுங்கள். பேச விரும்பாதவர் எழுதட்டும். வராத பிள்ளைகளின் பட்டியலை முதல் வாரத்திலேயே எடுத்து, வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பத்தாம் வகுப்புப் பையன் தீப்பெட்டி ஆபீஸிலோ திருப்பூரிலோ இருந்தால், மூன்றாம் நாளில் கூப்பிட்டால் வருவான், மூன்றாம் மாதத்தில் வரமாட்டான். நனைந்துபோன நோட்டுக்காகவும் யூனிபார்முக்காகவும் யாரையும் வகுப்பு முன்னால் நிறுத்தாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் மூன்று காரியம் செய்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் பூச்சி மருந்தைப் பூட்டுங்கள். 14416, 1098 இரண்டையும் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த லீவு வரும் முன்பே, "உனக்கு ஒண்ணுன்னா எங்க கிட்ட சொல்லத் தோணலைன்னா யார் கிட்ட சொல்லுவ?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லும் பெயர் உங்களுக்குப் பிடிக்காத பெயராக இருந்தாலும், அந்த ஆள் நம்பத்தக்கவர் என்றால், அவரைக் கூப்பிட்டு, "எம் புள்ள உங்களைத்தான் நம்புது, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவையுங்கள்.